இரவல் இசையும் இரும்பு அரக்கனும்

சில வாரங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை பிற்பகலில், மாணவர்கள் எடுத்த குறும்படங்களைப் பார்க்க என்னை அழைத்திருந்தார்கள். ஒன்பது படங்கள். எல்லாம் ஐந்து நிமிடத்துக்குள் முடிபவை. அவற்றில் ஒன்று அனிமேஷன். அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தைப் பெருக்கித் துடைக்கும் ஓர் இயந்திரம், தினமும் அங்கு வந்து உட்காரும் ஒரு பாட்டியோடு பழகிவிடுகிறது. ஒரு நாள் பாட்டி வரவில்லை. இயந்திரம் அந்தக் கல் இருக்கையையே சுற்றிச் சுற்றி வருகிறது. அவ்வளவுதான் கதை. வரைந்தவருக்குப் பதினேழு வயது.

படம் பிடித்திருந்தது. இசைதான் இடித்தது. இயந்திரம் மெதுவாகச் சுற்றுகிறது. பின்னாலோ உலகம் அழியப்போவதுபோல் முரசு, ஊதுகுழல், நூறு பேர் சேர்ந்து பாடும் கோரஸ். பாட்டி வராத சோகத்தைவிடப் பெரிய ஏதோ ஒன்று வானத்திலிருந்து விழப்போகிறது என்று நான் காத்திருந்தேன். எதுவும் விழவில்லை. அந்த ஒன்பது படங்களில் நான்கில் ஏறக்குறைய இதே ஓசை.

இடைவேளையில் அந்த மாணவரிடம் இசை எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். “ஒரு செயலியில் ‘அறிவியல் புனைகதை, ஆர்க்கெஸ்ட்ரா, சோகம்’ என்று தட்டினேன் சார். இருபது விநாடியில் வந்துவிட்டது,” என்றார். ஒளிவுமறைவு இல்லாத பதில். பிறகு அவரே சொன்னார்: “முதலில் சும்மா ஒட்டிப் பார்க்கலாம் என்றுதான் போட்டேன். கேட்கக் கேட்க அதுவே பழகிப்போச்சு. மாற்ற மனம் வரவில்லை.”

அவரைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் அதே வேலையை நானும் செய்தவன். அப்போது செயற்கை நுண்ணறிவு கிடையாது, அவ்வளவுதான் வேறுபாடு.

பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்தபோது நானும் நண்பன் ஒருவனும் சேர்ந்து மூன்று நிமிட அனிமேஷன் படம் ஒன்று செய்தோம். வரைவது, தொகுப்பது என் வேலை. அவன் தொடக்கப்பள்ளி நாள்களிலிருந்து வயலின் வாசிப்பவன். இசை அவன் பொறுப்பு. அவன் இசையமைத்து முடிக்கும்வரை பொறுக்காமல், புகழ்பெற்ற ஒரு படத்தின் பின்னணி இசையை எடுத்து என் காட்சிகளுக்கு அடியில் போட்டுவைத்தேன். ஒரு மாதம் அதைக் கேட்டபடியேதான் படத்தைத் தொகுத்தேன். நண்பன் தன் முதல் மெட்டைக் கொண்டுவந்தான். சரியில்லை என்றேன். இரண்டாவதும் சரியில்லை. கடைசியில் நான் போட்டுவைத்திருந்த இசையையே கொஞ்சம் மாற்றி வாசித்துக் கொடுத்தான். பிரமாதம் என்று குதித்தேன். திரையிட்ட அன்று எனக்குப் பின்வரிசையில் யாரோ அந்தப் பெரிய படத்தின் பெயரைச் சொல்லிச் சிரித்தார்கள். வீடு திரும்பும்போது எம்ஆர்டி ரயிலில் நண்பன் ஒன்றே ஒன்றுதான் சொன்னான்: “உனக்கு நான் தேவைப்படவே இல்லையேடா.”

இந்தச் சிக்கலுக்குத் திரைப்பட உலகில் ஒரு பெயர் உண்டு. டெம்ப் டிராக் என்பார்கள், தற்காலிக இசை. படத்தைத் தொகுக்கும்போது, இசையமைப்பாளர் வேலையைத் தொடங்கும் முன்பே, ஏற்கெனவே உள்ள ஏதாவதோர் இசையை எடுத்து ஒட்டிக்கொள்வார்கள். காட்சியின் வேகம் புரியும், தயாரிப்பாளருக்குப் போட்டுக்காட்ட வசதியாக இருக்கும். தப்பில்லை. ஆனால் வாரக்கணக்கில் அதையே கேட்ட இயக்குநரின் காதுக்கு வேறு எதுவும் பிறகு சரியாகப் படாது. ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ படத்துக்கு அலெக்ஸ் நார்த் என்ற இசையமைப்பாளர் புதிதாக இசை எழுதிக் கொடுத்தார். இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் தாம் தற்காலிகமாகப் போட்டுவைத்திருந்த பழைய செவ்விசைத் துண்டுகளையே வைத்துக்கொண்டார். தம் இசை படத்தில் இல்லை என்பது நார்த்துக்குப் படத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. படம் காலத்தை வென்றது என்பது வேறு கதை. நார்த்தின் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

இரவல் சீலையை நம்பி இடுப்புக் கந்தையை எறியாதே என்பார்கள் நம் ஊர்ப் பெரியவர்கள். எறியத் துணிந்தவர்கள்தான் அதிகம். எறியாத ஒருவரைப் பற்றித்தான் இன்று எழுத நினைத்தேன். அவரும் ஓர் இயந்திரத்தைப் பற்றிய அனிமேஷன் படத்துக்குத்தான் இசையமைத்தார்.

‘தி அயர்ன் ஜயன்ட்’ 1999 ஆகஸ்ட்டில் வெளியான படம். உங்களில் பலர் பிறப்பதற்கு முன்பு. பிற்பாடு ‘தி இன்கிரெடிபிள்ஸ்’, ‘ராட்டட்டூயி’ படங்களை இயக்கிய பிராட் பேர்டின் முதல் முழுநீளப் படம் இது. 1957ஆம் ஆண்டு, சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் செயற்கைக்கோளை ஏவிய அக்டோபர் மாதம். அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் கற்பனையான ஒரு சிற்றூர். வானத்திலிருந்து ஓர் இரும்பு அரக்கன் வந்து விழுகிறான். ஹோகார்த் என்ற சிறுவன் அவனுக்கு நண்பனாகிறான். அரக்கனின் உணவு உலோகம். தான் யார், எதற்காகச் செய்யப்பட்டவன் என்பது அவனுக்கே நினைவில்லை. ஆபத்து என்று உணர்ந்தால் மட்டும் அவன் உடலுக்குள்ளிருந்து ஆயுதங்கள் தாமாக வெளியே வரும். ஊரெல்லாம் ரஷ்யக் குண்டுக்கு அஞ்சி நடுங்கும் காலம். பிறகு என்ன நடக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம்.

கதையின் மூலம் ஆங்கிலக் கவிஞர் டெட் ஹியூஸ் 1968இல் சிறுவர்களுக்காக எழுதிய ‘தி அயர்ன் மேன்’. பேர்ட் அதை நிறைய மாற்றினார். அவருடைய சகோதரி துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தவர். ஒரு துப்பாக்கிக்கு ஆன்மா இருந்து, துப்பாக்கியாக இருக்கவே அதற்கு விருப்பம் இல்லாமல்போனால் என்ன ஆகும் என்ற கேள்வியோடுதான் அவர் தயாரிப்பு நிறுவனத்திடம் போனார். படத்தை அந்தச் சகோதரிக்கே காணிக்கையாக்கியிருக்கிறார்.

சரி, இசைக்கு வருவோம். பேர்டும் தற்காலிக இசை போட்டுவைத்திருந்தார். எல்லாம் பெர்னார்ட் ஹெர்மன் 50களிலும் 60களிலும் அறிவியல் புனைகதைப் படங்களுக்கு எழுதியவை. ஹெர்மன் சாதாரண ஆள் இல்லை. 1951இல் வந்த ‘தி டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில்’ படத்துக்கு அவர் இரண்டு தெரமின் கருவிகளைப் பயன்படுத்தினார். தெரமின் என்பது தொடாமலே, கைகளைக் காற்றில் அசைத்து வாசிக்கும் மின்னணுக் கருவி. பேய்ப்படங்களிலும் பறக்கும் தட்டுப் படங்களிலும் ‘ஊ…ஊ…’ என்று ஊளையிடுமே, அதுதான். அதைக் கண்டுபிடித்தவர் ஒரு ரஷ்யர். ரஷ்யாவை நினைத்து அமெரிக்கா நடுங்கிய காலத்துப் படங்களுக்கு நடுக்கத்தைக் கொடுத்த ஓசையே ரஷ்யாவிலிருந்து வந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்னமும் சிரிப்பு வரும்.

அந்தக் காலத்துக் கதை, அந்தக் காலத்து மேதையின் இசை. பேர்டின் காது எந்த அளவுக்கு அதில் ஊறியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இதைக் கேட்டதும் இசையமைப்பாளர் மைக்கேல் கேமன் முதலில் மிரண்டுதான் போனார்.

கேமனைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். 1948இல் நியூயார்க்கில் பிறந்தவர். ஜூலியார்ட் இசைப் பள்ளியில் ஓபோ படித்தவர். அதே வயதில் ராக் இசைக்குழுவும் நடத்தியவர். பிங்க் ஃபிளாய்ட் குழுவின் ‘தி வால்’ தொகுப்புக்கு ஆர்க்கெஸ்ட்ரா இசையை ஒழுங்கமைத்தவர்களில் ஒருவர். ‘லீத்தல் வெப்பன்’, ‘டை ஹார்ட்’ என்று அதிரடிப் படங்களுக்கு இசையமைத்துப் பெயர் வாங்கியவர். 1999 ஏப்ரலில், அதாவது இந்தப் படம் வெளிவந்த அதே ஆண்டில், மெட்டாலிகா குழுவையும் சான் ஃபிரான்சிஸ்கோ சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவையும் ஒரே மேடையில் ஏற்றி நடத்தினார். பழைமைவாதி என்று யாரும் அவரைச் சொல்ல முடியாது. இயந்திரம், மின்சாரம், இரைச்சல் எதற்கும் அஞ்சாத ஆள்.

அப்படிப்பட்டவர் என்ன செய்தார்? ஹெர்மனைப்போல் எழுதித் தரவில்லை. இந்தப் படத்தின் உணர்வுக்கு எந்த ஆர்க்கெஸ்ட்ரா வாசிக்கிறது என்பதே முக்கியம் என்று நினைத்தார். பழைய காலத்து நாதம் இன்னும் மிச்சமிருக்கும் ஓர் ஆர்க்கெஸ்ட்ராவைத் தேடிக் கிழக்கு ஐரோப்பாவுக்குப் போனார். பிராக் நகரில், செக் ஃபில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ரா ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் ‘ஆல்பைன் சிம்பொனி’யை வாசிப்பதைக் கேட்டார். நடத்தியவர் விளாடிமிர் அஷ்கெனாசி. ஒரு மலையேற்றத்தை விடியல் முதல் இரவு வரை ஓசையாலேயே சொல்லும் படைப்பு அது. நூறு பேருக்கு மேல் வாசிக்க வேண்டும். காற்றொலி எழுப்ப ஒரு பொறி, இடி முழக்கத்துக்கு ஓர் உலோகத் தகடு, மாட்டு மணிகள்கூட உண்டு. மலையை ஓசையாக்கத் தெரிந்தவர்களுக்கு, மலையளவு இரும்பு அரக்கனை ஓசையாக்குவது கடினமா? இது என் ஊகம்தான். அங்கேயே இசையைப் பதிவுசெய்வது என்று முடிவானது.

பதிவு நடந்த இடம் ருடால்ஃபினம். விள்ட்டாவா ஆற்றங்கரையில் 1885இல் திறக்கப்பட்ட கட்டடம். செக் ஃபில்ஹார்மோனிக் தன் பெயரில் முதல் கச்சேரியை 1896 ஜனவரி 4ஆம் தேதி அங்கேதான் நடத்தியது. அன்று நடத்தியவர் டுவோஷாக். அமெரிக்காவில் சில ஆண்டுகள் தங்கி ‘புதிய உலகிலிருந்து’ என்ற சிம்பொனியை எழுதிவிட்டுத் தாய்நாடு திரும்பியிருந்தவர். நூறாண்டு கழித்து, அமெரிக்கச் சிற்றூர் ஒன்றின் கதைக்கு அதே கூடத்தில் இசை வாசிக்கப்பட்டது.

இன்னொன்றும் இருக்கிறது. எந்த நேர்காணலிலும் படித்ததல்ல, ஆண்டுகளை வரிசையாக எழுதிப் பார்த்தபோது என் கண்ணில் பட்டது. படத்தின் கதை 1957. அப்போது செக்கோஸ்லோவாக்கியா சோவியத் அணியில் இருந்த நாடு. ஹோகார்த்தின் ஊர்மக்கள் எந்தப் பக்கத்திலிருந்து குண்டு வரும் என்று மேசைக்கு அடியில் ஒளிந்து பயிற்சி செய்தார்களோ, அந்தப் பக்கத்து நாடு. ஹியூஸின் புத்தகம் வெளியான 1968இல்தான் சோவியத் டாங்கிகள் பிராக் வீதிகளில் நுழைந்தன. அங்கே கம்யூனிச ஆட்சி முடிவுக்கு வந்தது 1989இல். அதற்குப் பிந்திய பத்தே ஆண்டுகளில் இந்தப் பதிவு. கேமன் கேட்ட கச்சேரியை நடத்திய அஷ்கெனாசியே 1963இல் சோவியத் ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பியானோக் கலைஞர். அந்த ஆர்க்கெஸ்ட்ராவில் சற்று வயது முதிர்ந்த ஒரு வயலின் கலைஞரை நினைத்துப் பாருங்கள். முகம் தெரியாதவனைப் பார்த்து அஞ்சி, அவனைச் சுடத் துடிக்கும் ஊரின் கதை. அதற்கு இசை வாசிப்பவர், அந்த ஊர் ஒரு காலத்தில் எந்தப் பக்கத்தை நினைத்து அஞ்சியதோ அந்தப் பக்கத்துக்காரர். செயலியில் எந்தச் சொல்லைத் தட்டினால் இது கிடைக்கும்?

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது.

திரைப்பட இசையைப் பதிவுசெய்யும்போது, வாசிப்பவர்களின் காதில் ஒரு கருவி மாட்டியிருக்கும். அதில் டக், டக், டக் என்று சீரான தட்டு கேட்டுக்கொண்டே இருக்கும். கிளிக் டிராக் என்பது இதன் பெயர். இதன் கணக்கு எளிது. திரையில் விநாடிக்கு 24 ஃபிரேம்கள் ஓடும். 12 ஃபிரேமுக்கு ஒரு தட்டு என்று வைத்தால் விநாடிக்கு இரண்டு, நிமிடத்துக்கு 120. கதாநாயகன் 37வது விநாடியில் கதவை உதைக்கிறான் என்றால், முரசும் அதே விநாடியில் அடிக்கும்படி முன்கூட்டியே கணக்குப் போட்டு எழுதிவிடலாம். அதிரடிப் படத்துக்கு இது வரப்பிரசாதம். அனிமேஷனுக்குக் கேட்கவே வேண்டாம். பூனை மூன்று படி இறங்கினால் மூன்று சுரம் இறங்கும் பழக்கம் அங்கேதானே வேரூன்றியது!

‘தி அயர்ன் ஜயன்ட்’ அறிவியல் புனைகதை, அதிரடி, அனிமேஷன் மூன்றும் சேர்ந்தது. அதாவது கிளிக் டிராக் மூன்று மடங்கு தேவைப்படும் படம். ஆனால் ருடால்ஃபினத்தில் அந்த ஒரு வாரம் இசையைப் படத்தோடு பொருத்தும் வழக்கமான முறைகளை ஒதுக்கிவைத்துவிட்டு, ஒரு செவ்விசைப் படைப்பை மேடையில் வாசிப்பதுபோலவே வாசித்தார்கள். கேமன்தான் நடத்தினார்.

கர்நாடக இசை படிக்கும் மாணவர்களுக்கு இது சட்டென்று புரியும். மெட்ரோனோம் செயலியை வைத்துக்கொண்டு வீட்டில் ஒரு கீர்த்தனையைப் பாடுகிறீர்கள். அதையே மேடையில், மிருதங்கம் வாசிப்பவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு பாடுகிறீர்கள். இரண்டிலும் தாளம் உண்டு. இரண்டாவதில், ஒரு சொல்லை நீங்கள் கொஞ்சம் நீட்டினால் அவர் காத்திருப்பார். ஆர்க்கெஸ்ட்ராவிலும் அப்படித்தான். நடத்துபவரின் கை சற்றுத் தயங்கினால், எண்பது, தொண்ணூறு பேரும் சேர்ந்து தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தை ஃபிரேம் கணக்கில் எழுத முடியாது.

இந்தப் படத்தை நான் பல முறை பார்த்திருக்கிறேன். ஒரு முறை கண்ணை மூடிக்கொண்டும் கேட்டேன். அரக்கன் முதலில் காட்டில் தென்படும்போது இசை கனமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கனம் மூச்சு விடுகிறது. ஒரு மான் சுடப்பட்டு இறந்துகிடக்கும். சாவு என்றால் என்ன என்று அரக்கன் முதல் முறையாக யோசிக்கிறான். அன்றிரவு ஹோகார்த் அவனோடு பேசும் இடத்தில் இசை தாழ்ந்து, பேச்சுக்கு வழிவிட்டு நிற்கும். அவசரமே இல்லை. பிற்பாடு அரக்கனின் ஆயுதங்கள் வெளியே வரும்போதுதான் இசை முழுப் பலத்தையும் காட்டுகிறது. முன்பு அடக்கி வாசித்ததால்தான் இப்போது அந்த அடி நெஞ்சில் விழுகிறது. நான் பார்த்த மாணவர் படங்களில் முதல் விநாடியிலேயே முரசு முழங்கிவிடுகிறது. பிறகு எங்கே போவது?

முடிவைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இன்னும் பார்க்காதவர்கள் மன்னிக்க வேண்டும். ஊரை நோக்கி வரும் அணு ஏவுகணையைத் தடுக்க அரக்கன் தனியாக மேலே பறக்கிறான். சிறுவனைப் பின்தொடர வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போகிறான். ஓர் ஆயுதம், தான் ஆயுதமாக இருக்கப்போவதில்லை என்று முடிவெடுக்கும் நேரம். வெடிக்கப்போகும் காட்சிக்கு நாமாக இருந்தால் என்ன போடுவோம்? கேமன் முதலில் பிரிவை வாசிக்கவைக்கிறார். அரக்கன் உயர உயரத்தான் இசையும் உயர்கிறது. திரையரங்கில் பெரியவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் இடம் இது. நானும்தான்.

அதே படத்தில் இன்னொரு நுணுக்கம். மற்ற கதாபாத்திரங்கள் எல்லாம் கையால் வரையப்பட்டவை. அரக்கன் மட்டும் கணினியில் உருவானவன். கணினிக் கோடு கத்திபோல் நேராக இருப்பதால் மற்றவர்களோடு ஒட்டவில்லை. அதனால் அந்தக் கோடுகளை இலேசாக நடுங்க வைப்பதற்கென்றே ஒரு மென்பொருள் எழுதினார்கள். கை வரைந்ததுபோல் தெரிய வேண்டும் என்பதற்காக! ஓவியர்கள் கோட்டை நடுங்க வைத்தார்கள், இசைக்காரர்கள் தட்டை நிறுத்திவைத்தார்கள். இரண்டு அறைகளில், இரண்டு நாடுகளில் நடந்த வேலை, நோக்கம் ஒன்று.

இதை எழுதும்போதே உங்கள் மறுப்பு என் காதில் விழுகிறது. பிராக்கில் ஒரு வாரம், முழு ஆர்க்கெஸ்ட்ரா. பெரிய நிறுவனத்தின் பணம் இருந்தது, செய்தார்கள். நமக்கு? அதுவும் அந்தப் படம் ஓடவே இல்லையே? உண்மைதான். திரையரங்குகளில் படம் படுதோல்வி. உலகமெங்கும் சேர்த்து ஏறத்தாழ 3 கோடி அமெரிக்க டாலர்தான் வசூல். போட்ட பணத்துக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. அதே ஆண்டு ஆனி விருதுகளில் ஒன்பதை அள்ளியது, அதில் கேமனின் இசைக்கும் ஒன்று. ஆனால் விருது கல்லாவை நிரப்பாது. படத்தை மக்கள் கொண்டாடத் தொடங்கியது பிற்பாடுதான். ஆகவே நல்ல இசை போட்டால் படம் ஓடும் என்று நான் சொல்ல மாட்டேன்.

கணினியைத் தொடாதீர்கள் என்றும் சொல்ல மாட்டேன். ‘ஸ்பைடர்மேன்: இன்டு தி ஸ்பைடர்வெர்ஸ்’ படத்துக்கு இசையமைத்த டேனியல் பெம்பர்டன், ஆர்க்கெஸ்ட்ராவில் பதிவுசெய்த இசையை இசைத்தட்டாக்கி, அதை டிஜே ஒருவரின் கையில் கொடுத்து முன்னும் பின்னும் தேய்க்க வைத்தார். 2018ஆம் ஆண்டுப் படம். கேமனின் வழிக்கு நேர் எதிர் என்று தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அங்கும் அந்தப் படத்துக்கென்று, அந்தப் பையனின் கதைக்கென்று, ஒருவர் தம் கையால் ஏதோ செய்திருக்கிறார்.

என் குறை வேறு. நம் பள்ளிகளில் காற்றிசைக் குழு இருக்கிறது. நரம்பிசைக் குழு, சீன ஆர்க்கெஸ்ட்ரா, சில பள்ளிகளில் இந்திய இசைக்குழு, அங்குளுங் குழுகூட இருக்கின்றன. இணைப்பாட நடவடிக்கைக்காக வாரத்தில் இரண்டு நாள் மாணவர்கள் மணிக்கணக்கில் பயிற்சி செய்கிறார்கள். அதே தாழ்வாரத்தில், நான்கு கதவுகள் தள்ளி, ஊடகக் கழக மாணவர்கள் கணினி முன் உட்கார்ந்து காப்புரிமை இல்லாத இசையை இணையத்தில் தேடிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு அறைக்கும் நடுவில் யாரும் நடப்பதில்லை. குறும்படப் போட்டி நடத்துபவர்கள் ஒலிக்கு மதிப்பெண் தருகிறார்கள். அந்த ஒலியை யார் செய்தார்கள் என்று கேட்பதில்லை. கேட்க வேண்டும். மாணவர் ஒருவர் சொந்தமாக இசையமைத்தோ வாசித்தோ இருந்தால் அதற்குத் தனி மதிப்பெண் ஒதுக்க வேண்டும். செலவில்லாத மாற்றம் இது. ஆசிரியர்கள் நினைத்தால் அடுத்த தவணையிலேயே தொடங்கலாம்.

கேமன் 2003இல் தம் 55வது வயதில் லண்டனில் காலமானார். ‘மிஸ்டர் ஹாலண்ட்ஸ் ஓப்பஸ்’ என்ற படத்துக்கு இசையமைத்தவர் அவர். ஒரு பள்ளி இசையாசிரியரின் கதை அது. அடுத்த ஆண்டே அந்தப் படத்தின் பெயரில் ஓர் அறநிறுவனம் தொடங்கி, வசதி குறைந்த பள்ளி மாணவர்களுக்கு இசைக்கருவிகள் கிடைக்க வழிசெய்தார். எந்திரனுக்கு இசை எழுதியவர், பிள்ளைகளின் கையில் வயலினையும் ஊதுகுழலையும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அந்தச் சனிக்கிழமை கிளம்பும்போது அந்த மாணவரிடம் இரண்டே காரியம் சொன்னேன். ‘தி அயர்ன் ஜயன்ட்’ பார்க்கச் சொன்னேன். பிறகு, அவருடைய படத்தை ஒரு வாரம் ஒலியே இல்லாமல் பார்க்கச் சொன்னேன். முகத்தைப் பார்த்தால் செய்வார் என்று தோன்றவில்லை.

போன வாரம் அவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. கூடவே படம். முரசு போயிருந்தது, கோரஸ் போயிருந்தது. இயந்திரம் பெருக்கிக்கொண்டு வரும் முதல் ஒரு நிமிடத்துக்கு இசையே இல்லை. மின்தூக்கிக் கதவு திறந்து மூடும் ஓசையும் தூரத்தில் பேருந்து ஒன்று போகும் ஓசையும்தான். பாட்டி வராத நாளில் ஓர் எர்ஹூ மெல்ல ஆரம்பிக்கிறது. சீன ஆர்க்கெஸ்ட்ராவில் இருக்கும் வகுப்புத் தோழி ஒருவர், தங்கள் புளோக்கின் கீழ்த்தளத்திலேயே உட்கார்ந்து வாசித்தாராம். இவர் கைப்பேசியில் பதிவுசெய்தாராம். நடுவில் யாரோ இருமுவதுகூடக் கேட்கிறது.

இயந்திரம் கல் இருக்கையின் முன் வந்து நிற்கிறது. எர்ஹூ நிற்பதற்கு அரை விநாடி பிந்துகிறது. ‘அந்த அரை விநாடியை வெட்டிச் சரிசெய்துவிடட்டுமா சார்?’ என்று மின்னஞ்சலின் கடைசியில் கேட்டிருந்தார்.

வேண்டாம் என்று பதில் எழுதினேன். பிறகு அவருடைய அனுமதியோடு அந்தப் படத்தை என் வயலின் நண்பனுக்கு அனுப்பிவைத்தேன்.